பிளாக் பின்னாடி எருக்கம்புதரை வெட்டிட்டு பேவர் போடப் போறாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?

தண்டையார்பேட்டை_மல்லி | ஞாயிறு காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். எங்களது 32 வீடு இருக்கிற பழைய அடுக்குமாடி. பின்பக்கம் காம்பவுண்டு சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவுல ஒரு துண்டு மண்தரை இருக்கு. முப்பது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம் இருக்கும். அங்க யாரும் எதையும் நட்டதில்ல. எருக்கு, ஆமணக்கு, நாயுருவி, மூக்கிரட்டை, ஓரத்துல ஒரு நுணா, எல்லாம் தானா வந்தது. காலையில பால் காய்ச்சும்போது சமையல்கட்டு ஜன்னல் வழியா பார்த்தா ஒரு செம்போத்து நடந்து போகும். இருபது வருஷமா அதுதான் எனக்குத் தெரிஞ்ச காடு.

போன வாரம் அசோசியேஷன் கூட்டத்துல, எல்லாத்தையும் வெட்டி பேவர் பிளாக் போட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணலாம்னு முடிவாகப் போச்சு. அழகுக்கு ஓரத்துல பத்து தொட்டியில குரோட்டன்ஸ் வைப்பாங்களாம். நான் வேணாம்னு சொன்னேன். "குப்பைச் செடிக்கா பேசற?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. எனக்கு உடனே பதில் வரல. அடுத்த கூட்டம் ரெண்டு வாரத்துல. என்ன சொல்லணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெரம்பூர்_தட்டான் | ஞாயிறு காலை 9.15

அக்கா, முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. எருக்க இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருக்கா? முதுகுல மூணு ஜோடி கருப்புக் கொம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கும். இருந்தா அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. அது மத்த எல்லா இலையையும் தின்னாது. எருக்கு, அதோட சொந்தக்காரச் செடிங்க, அவ்வளவுதான். எருக்கம்பால்ல இருக்கிற விஷத்தை உடம்புல ஏத்திக்கும், அதனாலதான் பறவைங்க அதைத் தொடறதில்ல.

குரோட்டன்ஸ்ல நம்ம ஊர்ப் பூச்சிங்களுக்கு சாப்பாடு கிட்டத்தட்ட கிடையாது. பார்க்க கலரா இருக்கும், ஆனா இலையில ஒரு ஓட்டை கூட விழாது. என்னைக் கேட்டா, இலையில ஓட்டை விழற செடிதான் தோட்டத்துல உயிரோட இருக்கிற செடி. நான் வீட்டு மொட்டை மாடியில ஒரு கறிவேப்பிலையும் ஒரு எலுமிச்சையும் வச்சிருக்கேன். எலுமிச்சை அழகிங்கிற பட்டாம்பூச்சியோட புழு சின்னதா இருக்கும்போது அச்சு அசல் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்ததும் பச்சையாயிடும். தொட்டா தலைக்குப் பின்னாடி ஆரஞ்சு நிறத்துல ரெண்டு கொம்பை வெளிய தள்ளி ஒரு நாத்தம் அடிக்கும் பாருங்க. எங்க அம்மா முதல்ல மருந்தடிக்கச் சொன்னாங்க. இப்போ "உன் புள்ளைங்களுக்குப் போக மீதி எனக்கு"ன்னு எண்ணி இலை பறிக்கறாங்க.

மூலக்கடை_ராஜன் | ஞாயிறு காலை 11.02

மன்னிக்கணும், நான் எதிர்த்துப் பேசப் போறேன். போன மழைக்காலத்துல என் பொண்ணுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கி ஆறு நாள் ஆஸ்பத்திரியில. அதுக்கப்புறம் வீட்டைச் சுத்தி ஒரு புல் இருந்தாலும் எனக்கு உடம்பு பதறுது. வடசென்னையில நாம ஏற்கெனவே கால்வாய் ஓரத்துல, குப்பைமேட்டு ஓரத்துல வாழறோம். இதுல புதரை வேற காப்பாத்தணுமா? எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும். கீழ்வீட்டுல குழந்தைங்க இருக்கு. பட்டாம்பூச்சி நல்லதுதான், என் குழந்தை அதைவிட முக்கியம்.

பெரம்பூர்_தட்டான் | ஞாயிறு மதியம் 12.30

ராஜன் அண்ணே, பொண்ணு இப்போ நல்லா இருக்காளா? நீங்க பதர்றதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா டெங்கு கொசு எங்க பிறக்குதுன்னு பாருங்க. ஏடிஸ் கொசு முட்டை போடறது தேங்கின நல்ல தண்ணியில. பழைய டயர், தேங்காய் சிரட்டை, பிரிட்ஜ் பின்னாடி தட்டு, மூடாத டிரம், தொட்டிச் செடிக்கு அடியில வைக்கிற தட்டு. முட்டையில இருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். புதர் நிழல்ல கொசு பகல்ல உட்காரும், அது உண்மை. ஆனா மண்தரையில மழைத்தண்ணி இறங்கிடும். பேவர் போட்டா ஒரு கல் அமுங்கின இடமெல்லாம் தேங்கும். அவங்க வைக்கப்போற பத்து தொட்டிக்கும் அடியில தட்டு இருந்தா, பத்து கொசுத் தொட்டில்.

நம்மகிட்ட இருக்கிற மத்த கொசு, கால்வாய்ச் சாக்கடையில வர்ற கியூலெக்ஸ். ஓட்டேரி நல்லாங்கிற ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் அடைச்சுக் கிடக்கிற வரைக்கும் எருக்கஞ்செடியை வெட்டி அதைக் குறைக்க முடியாது.

எலிக்கு நீங்க சொன்னது சரி. ஆனா எலியைக் கூப்பிடறது செடி இல்ல, செடிக்குள்ள நாம வீசற சாப்பாட்டுக் கவர். மல்லி அக்கா, அங்க குப்பை போடறாங்களா?

தண்டையார்பேட்டை_மல்லி | ஞாயிறு மதியம் 1.10

போடறாங்க தம்பி. மூணாவது மாடியில இருந்து நேரா வந்து விழும்.

பூங்கா_பெரியவர் | ஞாயிறு இரவு 8.50

நான் முப்பத்தோரு வருஷம் பூங்காத் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டைப் பண்ணுவது பேரன், சொல்லுவது நான்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் காலையில் கோடரியும் கயிறுமாக இறங்கினோம். எங்கள் பக்கம் விழுந்து கிடந்ததில் பெரும்பகுதி குல்மொஹர், மஞ்சள் பூ பூக்கிற இயல்வாகை, தூங்குமூஞ்சி. வேகமாக வளர்கிறது, சீக்கிரம் நிழல் தருகிறது என்று நாங்களே நட்டவை. வேம்பும் புங்கனும் விழவில்லை என்று சொல்ல மாட்டேன், விழுந்தன. ஆனால் விழுந்த மரத்தின் வேரைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அடிமரத்தைச் சுற்றி நாலு பக்கமும் சிமெண்ட். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்கு வெட்டினார்கள், மறுபக்கம் கேபிளுக்கு வெட்டினார்கள். பக்கவேர் என்று ஒன்று இல்லவே இல்லை. பூந்தொட்டியில் வைத்த செடி மாதிரி, வட்டமாக, உருண்டையாக அப்படியே பெயர்ந்து வந்தது. காற்று தள்ளியது உண்மை. நிற்கவிடாமல் செய்தது நாம்.

அதனால் அம்மா, உங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்: சென்னையில் மரக்கன்றுக்குப் பஞ்சமில்லை, வெறும் மண்ணுக்குத்தான் பஞ்சம். விழா வைத்து நூறு கன்று தருவார்கள். நடக் குழி தோண்ட இடம் தேடினால் நூறு அடிக்கு ஒரு அடி மண் கிடைக்காது. கிடைத்த மண்ணின் மேல் கல்லைப் பரப்பிவிட்டு, பிறகு மரம் நடும் விழா நடத்துவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

நம்ம பக்கத்து ஊர்ப் பேரைப் பாருங்கள். புளியந்தோப்பு. வேப்பேரி. ராயபுரத்தில் பனைமரத்தொட்டி. பேரில் மட்டும் மரம் நிற்கிறது. திருவொற்றியூர் கோயிலில் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மரத்தடியில்தான். அதன் நினைவாக இன்றும் மகிழடி சேவை என்ற விழா நடக்கிறது. மகிழம் இந்தக் கடற்கரை மண்ணுக்கே உரிய மரம். அடர்ந்த நிழல், பூவுக்கு வண்டு, பழத்துக்குப் பறவை. மெதுவாக வளரும் என்பதுதான் அதன் மேல் சொல்லும் ஒரே குறை. அந்தக் குறைக்காகவே அதை ஒதுக்கிவிட்டு குல்மொஹரை நட்டோம்.

நெட்டுக்குப்பம்_வலை | திங்கள் காலை 5.30

கடல்ல இருந்து வந்ததும் படிச்சேன். கோவிச்சுக்காதீங்க, ஒரு பன்னிரண்டு அடி மண்ணுக்கு இவ்ளோ பேச்சு பேசற ஊரு, எங்க ஆத்துக்குப் பேசலையே.

எண்ணூர் முகத்துவாரத்துல எங்க தாத்தா காலத்துல கால் வச்சா எறா குத்தும்பாங்க. கொசஸ்தலை ஆத்து அடியில சாம்பல் படிஞ்சுது. அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணி வந்தது. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி கடல்ல எண்ணெய். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா மறுபடியும் எண்ணெய். நாங்க கையாலயும் பக்கெட்டாலயும் அள்ளினோம். படகு, வலை, வீட்டுச் சுவரு எல்லாம் தாரு. கூழைக்கடா ஒண்ணு றெக்கை ஒட்டிக்கிட்டு கரையில உட்கார்ந்திருந்தது, கிட்ட போனாலும் பறக்க முடியல. அது என்னையே பார்த்துச்சு. இன்னிக்கும் மறக்கல.

அலையாத்தி மரத்துக்கு சேத்துல இருந்து பென்சில் மாதிரி மேல நீட்டற மூச்சு வேர் இருக்கு. அந்த வேர் முழுக்க எண்ணெய் பூசிக்கிச்சு. மனுஷன் மூக்கை அடைச்ச மாதிரி.

இப்போ புதுசா காக்கா ஆழி. தென் அமெரிக்காவோட சிப்பி, கப்பலோட வந்ததுன்னு சொல்றாங்க. கருப்பா, கொத்துக் கொத்தா, ஆத்து அடி முழுக்கக் கம்பளம் விரிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு கிடக்கு. எறா சேத்துக்குள்ள புதையணும், அப்பதான் தங்கும். சேறே தெரியலைன்னா எங்க புதையும்? எங்க ஊர்ச் சிப்பியான மஞ்சள் ஆழி இருந்த இடத்தையும் அதுவே பிடிச்சிடுச்சு. கையால தடவி எறா பிடிக்கிற இருளர் ஜனங்க கைவிரலைப் பாருங்க, ஓடு கிழிச்ச காயம்.

பட்டாம்பூச்சி பத்திப் பேசுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா இயற்கைன்னா பூங்கா மட்டும்தான்னு நினைக்காதீங்க. எங்க கழிமுகமும் இந்த ஊருக்குள்ளதான் இருக்கு.

கொடுங்கையூர்_டீச்சர் | திங்கள் இரவு 9.05

வலை அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. ஆனா எனக்கு ரெண்டும் ஒரே கதையாத்தான் தெரியுது. அங்க சேறு மூடிப்போச்சு, எறாவுக்கு இடமில்ல. இங்க மண்ணு மூடப்போகுது, மழைத்தண்ணிக்கும் புழுவுக்கும் இடமில்ல. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல்தண்ணி ஏறினது எல்லாருக்கும் தெரியும். உறிஞ்சினோம், திரும்ப இறக்கல. வீட்டுக்கு வீடு பேவர் போட்டுட்டு அப்புறம் தண்ணி லாரிக்குப் பின்னாடி குடத்தோட ஓடறோம்.

எங்க ஸ்கூல்ல நடந்ததைச் சொல்றேன். சிட்டுக்குருவி நாளுக்குப் பசங்க அட்டையில கூண்டு செஞ்சு மாட்டினாங்க. குருவி வந்தது, கூடும் கட்டிச்சு. ஆனா குஞ்சுங்க தேறல. அரிசியும் கம்பும் கிண்ணம் நிறைய வச்சிருந்தோம், ஏன் செத்துப்போச்சுன்னு ஒரு ஆறாம் வகுப்புப் பையன் அழுதான். அப்புறம்தான் தேடிப் படிச்சேன். பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாள் மெத்துனு இருக்கிற புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். எங்க வளாகத்துல புழு எங்க இருக்கு? முழுக்க சிமெண்ட், ஓரத்துல மருந்தடிச்ச அழகுச் செடி. வீடு கொடுத்தோம், பால் கொடுக்கல.

அந்த வருஷம் மதில் ஓரமா ரெண்டடி சிமெண்டை உடைக்க அனுமதி வாங்கினேன். எதுவும் நடல. மழை பெஞ்சதும் தானா முளைச்சது. கீழாநெல்லி, குப்பைமேனி, தேள்கொடுக்கு. பசங்க அட்டையில பேர் எழுதிக் குச்சியில சொருகினாங்க. அட்டை இருந்ததால யாரும் பிடுங்கல. மல்லி மேடம், இது சின்ன விஷயமாத் தெரியலாம், ஆனா பேர்ப்பலகை வச்ச புதரை ஜனங்க குப்பைன்னு சொல்ல யோசிப்பாங்க.

பெரம்பூர்_தட்டான் | திங்கள் இரவு 9.40

டீச்சர், தேள்கொடுக்கை விட்டுவச்சீங்களே! வெந்தய வரியன் ஆண் பூச்சிங்க அந்தச் செடியைத் தேடி வரும். அதுல இருக்கிற ஒரு சாறை உறிஞ்சித்தான் பெண் பூச்சியை ஈர்க்கிற வாசனையைத் தயார் பண்ணும். அதாவது எருக்கு மட்டும் இருந்தா போதாது, தேள்கொடுக்கோ கிலுகிலுப்பையோ பக்கத்துல இருக்கணும். ஒரே ஒரு பட்டாம்பூச்சிக்கு இவ்வளவு தேவை. நாம ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து வரிசையா நட்டு இதைக் கொண்டுவர முடியாது.

ராயபுரம்_காத்தாடி | செவ்வாய் காலை 8.00

நான் சின்ன வயசுல இருந்து காத்தாடி விட்டவன். மாஞ்சா போட்டவன். கண்ணாடியை அரைச்சு, சோறு குழைச்சு, கையில துணி சுத்தி நூலுக்கு ஏத்தினவன். போலீஸ் தடை போட்டும் விட்டோம். ஒரு நாள் எங்க தெரு அரச மரத்துல ஒரு பருந்து தலைகீழா தொங்கிச்சு. றெக்கை மூட்டுல நூல் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ஏறிப் போய் அறுத்தேன். அது என் நூலா, வேற பையன் நூலான்னு தெரியாது. கலர் என் கலர்தான். பருந்து பொழைக்கல. அன்னிக்கோட விட்டேன்.

உங்க ஏரியாவுல மரம் இருந்தா முதல்ல அண்ணாந்து பாருங்க. பழைய மாஞ்சா நூல் இருந்தா எடுத்துடுங்க. அறுந்த காத்தாடி மறந்துபோயிடும், நூல் மக்காம வருஷக்கணக்குல கிளையில கிடக்கும். வௌவாலும் ஆந்தையும் ராத்திரியில வந்து மாட்டும். கன்று நடறதுக்கு முன்னாடி செய்யலாம், காசும் செலவில்ல.

தண்டையார்பேட்டை_மல்லி | செவ்வாய் இரவு 10.15

தட்டான் தம்பி சொன்ன மாதிரி இன்னிக்குக் காலையில இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு எருக்கஞ்செடி இருக்கு. முதல் அஞ்சுல ஒண்ணும் இல்ல. கடைசிச் செடியில, சுவரை ஒட்டி, ஒரு இலைக்கு அடியில ஒரு புழு. சுண்டுவிரல் நீளம். நீங்க சொன்ன அதே பட்டை, அதே கொம்பு. அது இலையைத் தின்கிற விதத்தைப் பார்த்தீங்களா? முதல்ல நடு நரம்பைக் கடிச்சு வெட்டுது. பால் அங்கயே சொட்டிடுது. அப்புறம் பால் இல்லாத பக்கத்தை ஓரத்துல இருந்து தின்னுது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்துட்டேன், தோசை தீஞ்சு போச்சு.

நாலாம் வீட்டுப் பசங்க மூணு பேர் வந்தாங்க. ஒருத்தன் இன்னொண்ணு கண்டுபிடிச்சான். சாயங்காலத்துக்குள்ள மொத்தம் ஏழு. சாக்பீஸ்ல சுவத்துல எண்ணி எழுதியிருக்காங்க.

இன்னொரு விஷயம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டற பூக்கார அக்கா வருஷா வருஷம் எங்க புதர்லதான் வந்து பறிப்பாங்க. அது எனக்கு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்தது.

மூலக்கடை_ராஜன் | புதன் காலை 7.20

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். பொண்ணு நல்லா இருக்கா தம்பி, கேட்டதுக்கு நன்றி. நேத்து எங்க வீட்டைச் சுத்திப் பார்த்தேன். மாடியில மூடி உடைஞ்ச டிரம் ஒண்ணு. உள்ள புழு நெளியுது. அது என் வீட்டு டிரம். நான் எதிர் மனையில இருந்த புல்லைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன்.

ஆனாலும் மல்லி அக்கா, பயப்படறவங்களை ஒதுக்கிடாதீங்க. என் யோசனை: மாடியில இருந்து குப்பை விழாம கம்பி வலை. புதருக்கும் கீழ்வீட்டு வாசலுக்கும் நடுவுல நாலடி வெட்டின சுத்தமான நடைபாதை. குழந்தைங்க பந்து உள்ள போனா பெரியவங்கதான் எடுக்கணும். பாம்பு தெரிஞ்சா அடிக்காம தீயணைப்புக்குப் போன் பண்ணணும். சனிக்கிழமை தோறும் யாராவது ஒருத்தர் தேங்கின தண்ணியைக் கவிழ்க்கணும். இவ்வளவும் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தா, நானா இருந்தா சரின்னு சொல்வேன்.

பூங்கா_பெரியவர் | புதன் மாலை 6.30

ராஜன் தம்பி சொன்னது நல்ல ஏற்பாடு. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் பெரிய மரம் எதுவும் நடாதீர்கள் அம்மா. செப்டிக் டேங்க் பக்கத்தில் அரசு, ஆல் வந்தால் கன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், பிறகு சுவரைப் பிளக்கும். மியாவாக்கி முறை என்று நெருக்கி நடச் சொல்லி யாராவது வருவார்கள். அதற்கும் அங்கே தேவையில்லை. இருப்பதை விட்டுவைத்து, வெயில் படும் ஓரத்தில் நொச்சி நாலு குச்சி ஊன்றுங்கள். கொசுவுக்கு நொச்சி என்று மாநகராட்சியே முன்பு வீடு வீடாகக் கன்று கொடுத்தது. எத்தனை கொசு ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நீலப் பூவுக்கு வரும் தேனீயை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பவர்களுக்கு நொச்சி என்றால் மனசு இறங்கும், தேனீக்கும் ஆகும்.

நெட்டுக்குப்பம்_வலை | வியாழன் காலை 6.10

டீச்சர், உங்க பசங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. தண்ணி வடியற நேரம் பார்த்துச் சொல்றேன். இன்னும் நெடுங்கால் உள்ளான் வருது, சாம்பல் நாரை வருது. கூழைக்கடாவும் வருது. அலையாத்தியில ஒரு பக்கம் புதுக் கன்னு முளைச்சிருக்கு, யாரும் நடல, விதை தண்ணியில மிதந்து வந்து தானா பிடிச்சுது. எண்ணெய்க் கோடு பழைய மரத்துல இன்னும் தெரியுது, அதையும் பசங்க பார்க்கணும்.

கொடுங்கையூர்_டீச்சர் | வியாழன் காலை 6.45

கண்டிப்பா வர்றோம் அண்ணா. தலைமையாசிரியர்கிட்ட இன்னிக்கே கேட்கறேன்.

தண்டையார்பேட்டை_மல்லி | பத்து நாள் கழிச்சு, ஞாயிறு இரவு 9.30

கூட்டம் முடிஞ்சுது. முழுசா ஜெயிக்கல. முன்பக்கம் பத்தடி நீளத்துக்கு பேவர் போடறாங்க, ரெண்டு வண்டி நிக்கும். அதுல ஆமணக்கு போச்சு. மீதி இருபது அடி மண்ணாவே இருக்கும். ராஜன் அண்ணன் சொன்ன அஞ்சு விஷயத்தையும் எழுதிக் கொடுத்தேன், "குப்பைச் செடி"ன்னு சொன்ன அதே அம்மாதான் முதல் கையெழுத்து போட்டாங்க. அவங்க பேரன் அந்த மூணு பசங்கள்ல ஒருத்தன்.

மேஸ்திரி வேலைக்கு வந்தப்போ பசங்க எருக்கு முன்னாடி நின்னுக்கிட்டாங்க. சுவர்ல ஏழுன்னு எழுதினது அழிச்சு இப்போ நாலு. மூணு புழு எங்கயோ போயிடுச்சுன்னு கவலைப்பட்டானுங்க. தேடினா ஜன்னல் கம்பிக்கு அடியில பச்சையா, தங்கப் புள்ளி வச்ச ஒரு சின்னக் கூடு தொங்குது. பக்கத்துல இன்னொண்ணு காலியா, கண்ணாடி மாதிரி.

பெரியவர் ஐயா, நொச்சிக் குச்சி எங்க கிடைக்கும்? நர்சரியில கேட்டேன், இல்லைன்னாங்க.

பூங்கா_பெரியவர் | ஞாயிறு இரவு 9.55

காசு கொடுத்து வாங்க வேண்டாம் அம்மா. எங்கள் வீட்டு வேலியில் இருக்கிறது. பென்சில் கனம், ஒரு முழ நீளம், அடியைச் சாய்த்து வெட்டி ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறேன். பேரன் சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறான். வாங்கிய அன்றைக்கே ஊன்றிவிடுங்கள்.